வீடும் நிலமும் வாங்கத் தரகர் வேண்டுமா?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்து புறப்படும் சமயத்தில், சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தறியில் அமர்ந்து உழைத்தவர் அவர்.

“ஐயா, சங்கக் கணக்கன்று, என் சொந்தக் கணக்கு ஒன்று கேட்க வேண்டும்” என்றார்.

அவர் குடியிருப்பது வாடகை வீடு. அதே வீட்டில்தான் தறியும் இருக்கிறது. வீட்டுக்காரர் தம் மகனுக்காக வீடு வேண்டுமென்று சொல்லிக் காலி செய்யக் கேட்டுவிட்டார். தறி வைத்திருப்பவருக்கு வேறு வாடகை வீடு கிடைப்பது எளிதன்று என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகவே, அவரும் அவர் மகனும் சேர்த்து வைத்த பணம், சிக்கன நிதியில் சேர்ந்திருந்த தொகை, மனைவியின் நகைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்று கூட்டி ரூ.12,00,000 மதிப்பில் ஒரு சிறு வீடு வாங்க எண்ணியிருந்தார். ஒரு தரகர் மூன்று வீடுகளைக் காட்டியிருந்தார். கிரயத் தொகையில் நூற்றுக்கு இரண்டு வீதம் தமக்குக் கமிஷன் வேண்டுமென்பது தரகரின் பேச்சு.

“இடைத்தரகர் கூடாதென்று சங்கம் எங்களுக்குப் போதித்து வந்திருக்கிறது. சேலைக்குக் கூடாத தரகர் வீட்டுக்கு மட்டும் ஆகுமா?” என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆயினும் அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. “அடுத்த முறை வரும்போது சொல்கிறேன், அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்” என்று மட்டும் கூறி வந்தேன். பின்னர் அவருக்கு நான் சொன்ன விடையையே, பிற அங்கத்தினர்களுக்கும் பயன்படுமென்று கருதி, இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சங்கங்களின் பத்திரங்களையும் அடமானக் கடன்களையும் பார்வையிடுவது என் அலுவலாதலால், அவ்வழியே கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

இருவர் அடைந்த நஷ்டம்

முதலில் இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன். இரண்டும் நான் நேரில் அறிந்தவை.

ஓர் ஊரில் ஒரு நெசவாளி தரகர் மூலமாக வீடு வாங்கினார். விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவர். வீடு அவர்களுடைய தகப்பனார் சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் காலமானவர். பட்டா மூத்தவர் பெயருக்கு மாறியிருந்தது. வீட்டு வரி ரசீதும் அவர் பெயரிலேயே இருந்தது. வில்லங்கச் சான்றில் யாதொரு குறையும் காணப்படவில்லை. அவர்களுக்கு மணமான தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பது தரகருக்குத் தெரியும். “கல்யாணத்தில் நகை போட்டுவிட்டார்கள், அந்த அம்மாள் கேட்க மாட்டார்” என்று அவர் தமக்குத் தாமே முடிவு செய்துகொண்டு, அதனை வாங்குபவரிடம் சொல்லாமலே விட்டுவிட்டார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு. தங்கை பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தாள். வீடு வாங்கியவர் இன்றும் நீதிமன்றத்திற்கு நடந்துகொண்டிருக்கிறார். தரகர் கமிஷன் பெற்று வெகுகாலமாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி ஒரு விவசாயியைப் பற்றியது. “தரகனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?” என்று, பட்டணத்தில் வசிக்கும் நிலச் சொந்தக்காரரைத் தாமே தேடிச் சென்று, அடுத்த கிராமத்தில் 80 சென்ட் நஞ்சையை நேரில் பேசி வாங்கினார். நிலத்தில் ஒருவர் பயிர் செய்துகொண்டிருந்தார். அவரைக் கூலியாள் என்று இவர் எண்ணிவிட்டார். கிரயம் முடிந்து ஏர் பூட்டச் சென்றபோதுதான், அவர் பல ஆண்டுகளாகக் குத்தகைக்குப் பயிரிடுபவர் என்பது தெரிய வந்தது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அத்தகையவரை எளிதில் வெளியேற்ற இடங்கொடாது. அந்தக் குத்தகை அவ்வூரில் எல்லோரும் அறிந்த சங்கதி. உள்ளூர்த் தரகர் ஒருவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ஒருவர் தரகரை நம்பிக் கெட்டார். மற்றவர் தரகரை விலக்கிக் கெட்டார். ஆகவே, தரகர் வேண்டுமா வேண்டாமா என்பது முதற்கேள்வியன்று. தரகர் செய்யும் வேலை யாது, அதில் எதனை அவரிடம் விடலாம், எதனை நாமே செய்ய வேண்டும் என்பதே முதற்கேள்வி.

சங்கம் கற்பித்த பாடம்

நமது நாட்டில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது. 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்களின் விற்பனையை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 1935-ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்களின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. விளைவித்தவனுக்கும் நெய்தவனுக்கும் நடுவே நின்று லாபத்தை விழுங்கியவர்களை விலக்குவது இம்முயற்சிகளின் நோக்கங்களில் ஒன்று.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தை நாம் மறந்துவிடலாகாது. சங்கம் இடைத்தரகரை நீக்கியதேயன்றி, அவர் செய்துவந்த வேலையை நீக்கவில்லை. நூல் வாங்கவும், சேலையைத் தரம் பார்க்கவும், எடை போடவும், விலை விசாரிக்கவும், கணக்கு எழுதவும் சங்கம் தானே ஆட்களை ஏற்படுத்திக்கொண்டது. அந்த வேலைகளை ஒழுங்காகச் செய்த சங்கங்கள் தழைத்தன. தரகரை விலக்கிவிட்டு, வேலையையும் கவனியாது விட்ட சங்கங்கள் நொடித்தன. என் அலுவலில் இரு வகைச் சங்கங்களையும் கண்டிருக்கிறேன்.

வீடு வாங்குவதிலும் அப்படியே. தரகரை விலக்கினால் நூற்றுக்கு இரண்டு மிச்சமாகும் என்று கணக்கிடுபவர், அவர் செய்யும் வேலையைத் தாம் செய்ய ஆயத்தமாக இருக்கிறாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவ்வேலை யாதெனில்: விற்க எண்ணுபவர் யார் யார் என்று அறிதல், ஊரில் நடக்கும் விலையை அறிதல், இடத்தை அழைத்துச் சென்று காட்டுதல், இரு தரப்பாரையும் உட்கார வைத்துப் பேசி விலையைப் படிய வைத்தல், கிரயம் முடியும் வரை அலைதல். இவை உண்மையான வேலைகள். இவற்றுக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை.

தரகர் யாருடைய ஆள்?

தரகரின் வேலையை மதிக்கும் அதே சமயத்தில், அவர் நிலையையும் தெளிவாக உணர வேண்டும். கிரயம் முடிந்தால் அவருக்குக் கூலி, முறிந்தால் யாதொன்றுமில்லை. ஒரு பத்திரத்தில் சந்தேகம் தோன்றினால் நமக்கு அது எச்சரிக்கை. அவருக்கோ அது நஷ்டம். இஃது அவருடைய குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டன்று. அவருடைய தொழில் அமைந்திருக்கும் விதமே அப்படி. நாணயமுள்ள தரகரும் இந்த நிலையிலேதான் நிற்கிறார்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளைக் கூறுகிறது. முகவர் தம்மை நியமித்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நியமித்தவருக்குத் தெரியாமல் அந்த அலுவலில் தம் சொந்த லாபத்திற்காக நடந்துகொண்டால், அந்த லாபத்தைக் கேட்டுப் பெற நியமித்தவருக்கு உரிமை உண்டு. வேறு உடன்பாடு இல்லாதவரை, வேலை முடியுமுன் கூலி கேட்க முகவருக்கு உரிமையில்லை. அலுவலில் முறைகேடாக நடந்தவர் அந்தப் பகுதிக்குரிய கூலியையும் இழப்பார். அச்சட்டத்தின் 216-ஆம் பிரிவிலே ஓர் எடுத்துக்காட்டும் காணப்படுகிறது. ஒருவர் ஒரு வீட்டைத் தமக்காக வாங்கும்படி முகவரிடம் சொல்கிறார். முகவரோ, அந்த வீடு கிடைக்காதென்று சொல்லிவிட்டுத் தாமே அதை வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரிந்தபின், முகவர் கொடுத்த விலைக்கே அவ்வீட்டைத் தமக்கு விற்கும்படி வற்புறுத்த, நியமித்தவருக்கு உரிமை உண்டென்கிறது சட்டம்.

இத்தனையும் அவர் நம்முடைய முகவர் என்று காட்ட முடிந்தால்தான் பயன்படும். நம் ஊர்களில் தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கமிஷன் பெறுகிறார். எழுத்து மூலம் யாதொன்றும் இல்லை. தகராறு வந்தால், “நான் இருவரையும் அறிமுகம் செய்தேன், அவ்வளவே” என்று அவர் ஒதுங்கிக்கொள்வது எளிது.

மற்றொன்றும் உண்டு. அவர் நம்முடைய முகவர் என்றே ஏற்பட்டால், நமக்காக வேலை செய்யும் சமயத்தில் அவர் அறிந்துகொண்ட குறையை நாமும் அறிந்ததாகவே கருத, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இடந்தருகிறது. மோசடியாக மறைத்த சந்தர்ப்பத்திற்கு அதில் விலக்கு உண்டாயினும், அதனை நிரூபிக்கும் சுமை பெரிது. அன்றியும், சொத்து வேறொருவர் அனுபவத்தில் இருந்தால், அவருடைய உரிமையை வாங்குபவர் அறிந்ததாகவே அச்சட்டம் கொள்கிறது. மேலே கூறிய விவசாயி “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப இயலாமற்போனது இதனாலேதான்.

அச்சட்டத்தின் 55-ஆம் பிரிவு நமக்குச் சாதகமான ஒன்றையும் கூறுகிறது. சொத்திலும் அதன் உரிமையிலும் தமக்குத் தெரிந்து, வாங்குபவர் எளிதில் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். கேட்டால் உரிமைப் பத்திரங்களைப் பார்வைக்குத் தர வேண்டும். இந்தக் கடமை விற்பவருடையது, தரகருடையது அன்று. ஆதலால், கேட்க வேண்டியதை விற்பவரிடமே நேரில் கேட்க வேண்டும். விற்பவரைக் காட்டாமலே முன்பணம் கேட்கும் தரகரிடம் அன்றே விடைபெற்றுக்கொள்வது நலம்.

“தரகர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்பனைக்குத் துணைபுரியும் தரகர் தாமும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு விற்பனையிலும் பதிவெண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு செய்யாமல் தொழில் நடத்தினால் நாளொன்றுக்கு ரூ.10,000 வீதம் அபராதமும் உண்டு. புதிய மனைப்பிரிவில் மனை வாங்குபவர் திட்டத்தின் பதிவெண்ணையும் தரகரின் பதிவெண்ணையும் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தெருவிலுள்ள பழைய வீட்டையோ, கிராமத்து நஞ்சையையோ பேசி முடிக்கும் தரகரை இந்தக் கட்டுப்பாடு தொடுவதில்லை. நம் அங்கத்தினர்கள் பெரும்பாலும் வாங்குவது அத்தகைய சொத்துக்களையே.

கமிஷனும் மறைந்த லாபமும்

செலவுக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2023-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4-லிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்விகிதப்படி ரூ.12,00,000 கிரயத்திற்குத் தீர்வை ரூ.84,000, பதிவுக் கட்டணம் ரூ.24,000, ஆக ரூ.1,08,000. கிரயத் தொகையைவிட அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகமாயிருந்தால், அம்மதிப்பின்மீதே இவற்றைக் கணக்கிடுவார்கள். தரகு நூற்றுக்கு இரண்டானால் அதுவும் ரூ.24,000. தரகுக்குச் சட்டம் விதித்த அளவு யாதுமில்லை. ஒன்று அல்லது இரண்டு என்பது வழக்கமே. முன்கூட்டிப் பேசினால் குறையும்.

நெசவாளிக்கு ரூ.24,000 சிறு தொகையன்று. எனினும் நம்மை ஏழையாக்குவது பெரும்பாலும் இந்த வெளிப்படையான கமிஷனன்று. வெளியே தெரியாத லாபமே. விற்பவர் ரூ.10,50,000 கேட்டிருக்க, வாங்குபவரிடம் ரூ.12,00,000 என்று சொல்லி நடுவிலுள்ளதைத் தாமே எடுத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேறு சிலர் சொந்தக்காரரிடம் சிறு முன்பணத்திற்கு உடன்படிக்கையும் பவர் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டு, தாமே சொந்தக்காரர் போல விலை பேசுவர். பவர் பத்திரம் உரிமைப் பத்திரம் அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் ஐயத்திற்கு இடமின்றிக் கூறிவிட்டது. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதன் அதிகாரமும் பொதுவாக அத்துடன் முடிந்துவிடும்.

இவ்விரு தீமைக்கும் மருந்து ஒன்றே: விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் அமர்ந்து விலை பேசுதல். அதற்கு இசையாத தரகர் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

எப்பொழுது தரகர் வேண்டும்?

சொத்து நம் தெருவிலோ நம் கிராமத்திலோ இருந்து, விற்பவரும் நமக்குத் தெரிந்தவராயிருந்தால், தரகரால் ஆகக்கூடிய வேலை மிகக் குறைவு. விலை பேசுவதில் கூச்சம் இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவே வைத்துக்கொள்ளலாம். ஆயின், தெரிந்தவர் என்பதற்காகப் பத்திரம் பார்க்காமல் இருந்துவிடுவது பெரும்பிழை. உறவினரிடமும் பங்காளியிடமும் வாங்குவதில்தான் கேட்க வேண்டியதைக் கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை.

வேற்றூரில் வாங்குவதாயின், நமக்கு அலையும் நேரம் இல்லாதாயின், விற்பவர் பலர் இருந்து விலை நிலவரம் தெரியாதாயின், நல்ல தரகர் பயனுள்ளவர். அத்தகைய இடத்தில் ஒருவர் சொல்லை மட்டும் கொள்ளாமல், இரண்டு மூன்று தரகர்களிடம் விலை விசாரிக்கலாம். அண்மையில் அத்தெருவில் பதிவான கிரயங்களையும் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எந்நிலையிலும், தரகரால் அறிய முடியாத சில விஷயங்கள் உண்டு. குழித்தறி போடுபவருக்கு வீட்டின் தரை முக்கியம். மழைக்காலத்தில் பள்ளத்தில் நீர் ஊறும் வீடு எவ்வளவு மலிவாயினும் அவருக்கு ஆகாது. பாவை நீட்டிக் கஞ்சி போடத் தெருவில் இடமிருக்க வேண்டும். விவசாயிக்கு வண்டிப் பாதை, வாய்க்கால் உரிமை, கிணற்றில் பங்கு, மின் இணைப்பு யார் பெயரில் என்பவை முக்கியம். பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அன்றிப் பக்கத்து நிலக்காரரின் தயவினால் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றை நம் கண்ணாலும், பக்கத்துக் குடியிருப்பாரைக் கேட்டும் அறிய வேண்டுமேயன்றிப் பிறர் சொல்லிக் கொள்ளலாகாது.

ஒப்படைக்கக் கூடாத மூன்று வேலைகள்

தரகர் இருப்பினும் இல்லாவிடினும், மூன்று வேலைகளை அவரிடம் விடலாகாது.

முதலாவது, பத்திரங்களை ஆராய்தல். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்க விவரம் பார்க்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் இதனைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆயின் வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் காட்டுவதில்லை. பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, நிலுவையிலுள்ள வழக்கு, கையெழுத்திடாத வாரிசின் பங்கு ஆகியவை அதில் தோன்றாமல் இருக்கலாம். அசல் பத்திரங்களை ஒப்படைத்து வாங்கிய கடன், அதன் குறிப்பாணை பதிவு பெறாதிருந்தால், அதுவும் தோன்றாது. ஆதலால் மூலப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை வரிசையாக அசலையே பார்க்க வேண்டும். இறந்தவர் பெயரில் சொத்து இருந்தால் வாரிசுச் சான்றைக் கேட்டு, அதிலுள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. கோயில் நிலம், அரசு புறம்போக்கு, பூமிதான நிலம், பஞ்சமி நிலம், நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலம் ஆகியவற்றில் கைவைத்தால் பணமும் போய் நிலமும் போகும். இந்த ஆராய்ச்சியை நாமே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும். தரகர் அழைத்து வரும் வழக்கறிஞரும், விற்பவரின் வழக்கறிஞரும் நமக்கு ஆகார். கிரயம் முறிந்தாலும் தம் கூலியைப் பெறுபவரே, முறிக்க வேண்டிய கிரயத்தை அச்சமின்றி முறிக்கச் சொல்வார்.

இரண்டாவது, நிலத்தை அளத்தல். பத்திரத்தில் எழுதிய நான்கெல்லையும், புலப்படமும், தரையிலுள்ள நிலையும் ஒத்திருக்க வேண்டும். நில அளவரைக் கொண்டு அளந்த பின்னரே உடன்படிக்கை எழுதுவது நன்று.

மூன்றாவது, பணம் கொடுத்தல். ‘டோக்கன்’ என்று சொல்லித் தரகர் கையில் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. கிரயத் தொகை முழுவதும் விற்பவரின் வங்கிக் கணக்கிற்கே செல்ல வேண்டும். சொத்துக் கிரயத்தில் ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கிரய உடன்படிக்கை 2012-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய ஆவணமாயிருக்கிறது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதை நம்பிப் பெருந்தொகை கொடுக்கலாகாது. தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனைக்கும் செவி கொடுக்கலாகாது. நாளை உரிமையில் குறை தோன்றிப் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, பத்திரத்தில் எழுதாத தொகையைக் கொடுத்ததாக நிரூபிப்பது மிகக் கடினம்.

தரகருடன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

தரகரை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தால், ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கமிஷன் எவ்வளவு, அது கிரயம் பதிவான நாளன்றே கொடுக்கப்படும், அதற்கு முன்னர் இல்லை என்பது ஒன்று. விற்பவரிடமும் கமிஷன் பெறுகிறாரா என்பதை வெளிப்படையாகச் சொல்லுதல் இரண்டு. கமிஷனைத் தவிர வேறு லாபம் அவருக்கு இந்தக் கிரயத்தில் இல்லை என்பது மூன்று. சொத்தைப் பற்றியும் வாரிசுகளைப் பற்றியும் தமக்குத் தெரிந்த குறைகளை மறையாமல் சொல்லிவிட்டார் என்பது நான்கு. நாணயமான தரகர் இதற்குக் கையெழுத்திடத் தயங்கார். தயங்குபவரிடம் நமக்கு வேலையில்லை.

சங்கம் செய்யக்கூடியது

நம் அங்கத்தினர் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையே வீடு வாங்குகிறார். தரகரோ மாதந்தோறும் கிரயம் முடிப்பவர். இந்த அனுபவ வேறுபாட்டைத் தனி மனிதர் ஈடு செய்ய முடியாது. சங்கம் செய்ய முடியும். வில்லங்க விவரத்தைச் சங்க அலுவலகக் கணினியில் பார்த்துக் கொடுக்க ஊழியர் ஒருவரைப் பழக்கலாம். வீடு வாங்கும் அங்கத்தினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டால் கூலியும் மலியும். முன்னர் வாங்கியவர்கள் தம் அனுபவத்தைப் பேரவைக் கூட்டத்தில் அரை மணி நேரம் எடுத்துச் சொல்லலாம். உறுப்பினர் கல்வி என்பது நமது இயக்கத்தின் கொள்கைகளில் ஒன்றன்றோ?

இனி, முதலிற் கூறிய மூத்த நெசவாளியின் கதைக்கு வருகிறேன். அவர் தரகரை விலக்கவில்லை. மேலே சொன்னபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். காட்டிய மூன்று வீடுகளில் ஒன்று, தரையில் நீர் ஊறுமென்று பக்கத்து வீட்டு நெசவாளி சொன்னதால் கழிந்தது. மற்றொன்றின் விலை கட்டவில்லை. மூன்றாவது வீட்டிற்கு வில்லங்க விவரம் பார்த்தபோது, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதன்மீது எழுதிய அடமானம் ஒன்று இருந்தது. தீர்ந்ததற்கு ரசீது பதிவாகியிருக்கவில்லை.

“அது பழைய கடன், எப்போதோ கட்டித் தீர்த்தாயிற்று. வேறு ஆள் பணத்துடன் காத்திருக்கிறார்” என்று தரகர் அவசரப்படுத்தினார். வாடகை வீட்டுக்காரரும் நெருக்கிக்கொண்டிருந்தார். நெசவாளியின் மகன் மனம் தளர்ந்து, “கொடுத்துவிடலாம், அப்பா” என்றான். அவர் இணங்கவில்லை. விற்பவரையே நேரில் கண்டு கேட்டார். கடன் தீர்ந்தது உண்மையே; ஆனால் கடன் கொடுத்தவர் ரசீது எழுதிக் கொடுக்குமுன் காலமாகிவிட்டார். அவருடைய வாரிசுகள் வந்து ரசீது எழுதிப் பதிவு செய்து கொடுக்க ஏழு வாரங்களாயின. காத்திருப்பதாகச் சொன்ன வேறு ஆள் வரவேயில்லை.

எட்டாவது வாரத்தில் கிரயம் பதிவாயிற்று. அன்று மாலையே, பேசியபடி தரகுக் கூலியை முழுவதும் கொடுத்துவிட்டார். சென்ற முறை நான் அச்சங்கத்திற்குச் சென்றபோது, புது வீட்டில் தறிக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தேடியதற்கான கூலி தரகருக்குக் கிடைத்தது. ஆராய்ந்ததன் பலன் அந்தக் குடும்பத்திற்குக் கிடைத்தது.

அங்கத்தினர்களே, தரகரை வைப்பதும் விடுவதும் உங்கள் சௌகரியத்தைப் பொறுத்தது. பத்திரத்தைப் பார்ப்பதும், நிலத்தை அளப்பதும், பணத்தை உரியவர் கையில் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு. அப்பொறுப்பை எந்தக் கமிஷனுக்கும் பிறரிடம் விட்டுவிடாதீர்கள்.